தகட்டின் விலை: நியூயார்க் டாக்சி லைசென்சின் வரலாறு

அரசாங்கம் மக்களுக்கு அளிக்கும் அனுமதி இரு வகைப்படும். தகுதியுள்ளவர் எவராயினும் கேட்டால் கிடைப்பது ஒன்று. எண்ணிக்கை வரையறுக்கப்பட்டு, அவ்வெண்ணிக்கை நிரம்பிய பின் எவருக்கும் கிடைக்காதது மற்றொன்று. மோட்டார் ஓட்டும் லைசென்சு முதல் வகையைச் சேர்ந்தது. தேர்வில் தேறியவர் பதினாயிரம் பேராயினும் அத்தனை பேருக்கும் அது வழங்கப்படும். ஆகவே அதனைப் பிறரிடமிருந்து விலைக்கு வாங்க எவரும் முன்வருவதில்லை. இரண்டாம் வகை அனுமதியின் தன்மை வேறு. அது காகிதமாகப் பிறந்து, சொத்தாக வளர்ந்து, சில வேளைகளில் கடனாக முடிகிறது.

இதற்கு உலகம் அறிந்த சான்று நியூயார்க் நகரத்து டாக்சி லைசென்சு ஆகும். டாக்சியின் முன்மூடியில் பொருத்தப்படும் ஒரு சிறு உலோகத் தகடே அந்த லைசென்சின் அடையாளம். ‘மெடாலியன்’ என்பது அதன் பெயர். 1937ஆம் ஆண்டில் அதற்கு நகரம் பெற்ற கட்டணம் 10 டாலர். 2014ஆம் ஆண்டில் அதே தகடு 10 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. 2018ஆம் ஆண்டிலோ 2 இலட்சம் டாலருக்கும் அதனை வாங்குவாரைக் காண்பது அரிதாயிற்று. தகடு அதே தகடுதான். தெருவும் அதே தெருதான். பின், ஏறியது எது? இறங்கியது எது? அந்த ஏற்றத்தில் வாழ்ந்தவர் யார்? இறக்கத்தில் வீழ்ந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை வரலாற்றில் கிடைக்கிறது.

லண்டன் காட்டிய முன்மாதிரி

வாடகை வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் வழக்கம் மோட்டார் வண்டியினும் மூத்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரில் ‘ஹாக்னி’ எனப்படும் வாடகைக் குதிரை வண்டிகள் பெருகின. தேம்ஸ் நதியில் படகோட்டிப் பிழைத்தவர்கள் தங்கள் சவாரி பறிபோவதாக முறையிட்டனர். தெருக்கள் நெரிசல் அடைந்தன. வைக்கோல், புல் ஆகியவற்றின் விலை ஏறியது. 1635இல் முதலாம் சார்ல்ஸ் மன்னர் வாடகை வண்டிகளைக் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தார். மன்னராட்சி வீழ்ந்து கிராம்வெல் காலம் வந்தது. ஆட்சி மாறிற்றேயன்றிக் கொள்கை மாறவில்லை. 1654ஆம் ஆண்டுச் சட்டம் வண்டிக்காரர் 200 பேருக்கு மேல் இருத்தலாகாது என்றது. மன்னராட்சி மீண்ட பின், 1662இல் அந்த எண்ணிக்கை 400 ஆயிற்று. ஆண்டுக் கட்டணம் 5 பவுன். 1694இல் 700 ஆயிற்று. இம்முறை 21 ஆண்டு லைசென்சுக்கு 50 பவுன் முன்பணமும், அதன்மேல் ஆண்டுக்கு 4 பவுனும் கேட்கப்பட்டன.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டணம் இவ்வாறு உயர்ந்ததன் காரணம் எளிதில் விளங்கும். எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும் வரை அந்த அனுமதிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பதைப் பாராளுமன்றம் கண்டுகொண்டது. அம்மதிப்பில் ஒரு பங்கு கருவூலத்திற்கு வரட்டும் எனக் கருதிற்று. ஆனால் மக்கள்தொகை பெருகப் பெருக வரம்பும் நெகிழ வேண்டியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் 800, பின்னர் 1,000 என ஏறிய எண்ணிக்கை, இறுதியில் 1831ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு நீக்கப்பட்டது. அது முதல் லண்டன் வேறு வழியில் சென்றது. ‘எத்தனை பேர்’ என்ற கேள்வியை விடுத்து, ‘எத்தகையவர்’ என்ற கேள்வியை அந்நகரம் கேட்கலாயிற்று. நகரின் தெருக்கள் அனைத்தையும் மனப்பாடமாக அறிந்தவரே வண்டி ஓட்டலாம் என்ற கடினமான தேர்வு 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கு ஏற்பட்டது. தேறியவர் எத்தனை பேராயினும் தடை இல்லை. ஆதலின் லண்டனில் லைசென்சு விற்பனைப் பொருளாகவில்லை. ஒருவர் தம் மூளையில் ஏற்றிய தெருக்களை மற்றொருவருக்கு விற்க முடியாதன்றோ!

நியூயார்க் சென்ற வழி இதற்கு நேர் எதிரானது.

மந்த காலமும் மலிவுச் சவாரியும்

நியூயார்க்கில் மோட்டார் டாக்சி பெருமளவில் தோன்றியது 1907ஆம் ஆண்டில். ஹாரி ஆலன் என்னும் வணிகர் பிரான்சிலிருந்து 65 மோட்டார் கார்களை வரவழைத்து, மீட்டர் பொருத்தி ஓடவிட்டார். குதிரை வண்டிக்காரர் கேட்டதே கூலி என்றிருந்த காலத்தில், தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் காட்டும் கருவி மக்களுக்குப் பெரிதும் பிடித்துப் போயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் டாக்சித் தொழில் மளமளவென வளர்ந்தது.

1929இல் பொருளாதார மந்தம் வந்தது. வேலை இழந்தவர்கள் பலர் டாக்சித் தொழிலுக்கு வந்தனர். விற்காமல் தேங்கிய கார்களைத் தவணையில் கொடுக்கக் கம்பெனிகளும் தயாராக இருந்தன. டாக்சிகள் பெருகின, ஏறுவார் குறைந்தனர். கட்டணத்தைக் குறைத்து ஒருவர் சவாரியை மற்றவர் பறிக்கும் போட்டி மூண்டது. இரவும் பகலும் தெருவில் அலைந்தும் ஓட்டுநருக்கு வயிறு நிரம்பவில்லை. அந்நிலையில், டாக்சிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற குரல் நியாயமாகவே எழுந்தது.

ஆனால் நியாயமான கோரிக்கையும் கறைபட்ட கைகளில் சிக்கினால் பயன் தருவதில்லை. அப்போதைய மேயர் ஜிம்மி வாக்கர் டாக்சிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக இருந்தார். நகராட்சி ஊழல்களை ஆராய்ந்த சீபரி விசாரணையில், டாக்சித் தொழிலில் அக்கறை கொண்ட ஒரு நிதி வணிகரிடமிருந்து அவர் சுமார் 26,000 டாலர் மதிப்புள்ள பத்திரங்களைப் பெற்றது வெளியாயிற்று. இதுவும் இன்ன பிற குற்றச்சாட்டுகளும் சேர்ந்து நெருக்கவே, 1932 செப்டம்பரில் வாக்கர் பதவி விலகினார். எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினால் அதனால் ஆதாயம் பெறுவோர் யார் என்பதை ஓட்டுநருக்கு முன்பே பணக்காரர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சாட்சி.

1934இல் மற்றொரு சாட்சியும் கிடைத்தது. சவாரிக்கு 5 காசு வீதம் நகரம் ஒரு வரி விதித்திருந்தது. அவ்வரி செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கனவே வசூலாகியிருந்த பணம் யாரைச் சேரும்? கம்பெனிகள் தமக்கே என்றன; ஓட்டுநர்கள் தமக்கும் பங்கு உண்டு என்றனர். இத்தகராறு பெரும் வேலை நிறுத்தமாக வெடித்தது. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் தெருவில் இறங்கினர், வண்டிகள் நொறுக்கப்பட்டன. கிளிஃபோர்ட் ஓடெட்ஸ் என்னும் நாடகாசிரியர் இப்போராட்டத்தைப் பின்னணியாகக் கொண்டு 1935இல் எழுதிய நாடகம் அமெரிக்க நாடக வரலாற்றில் இடம் பெற்றது. சவாரியால் வரும் பணம் ஓட்டுபவருக்கா, உடையவருக்கா என்ற கேள்வி அன்று எழுந்தது. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளிலும் அது ஓயவில்லை.

1937ஆம் ஆண்டுச் சட்டம்

இப்பின்னணியில் மேயர் லாகார்டியா காலத்தில் ஹாஸ் சட்டம் நிறைவேறியது. நகர சபை உறுப்பினர் ஒருவரின் பெயரால் வழங்கும் இச்சட்டத்தின் கூறுகள் மூன்று.

முதலாவது: புதிய டாக்சி லைசென்சு வழங்குவது நிறுத்தப்பட்டது. அப்போது லைசென்சு பெற்றிருந்த வண்டிகள் சுமார் 13,500. அவற்றுக்கு மட்டுமே உரிமை தொடரும்.

இரண்டாவது: லைசென்சு ஓட்டும் மனிதருக்கு வழங்கப்படாமல் ஓடும் வண்டிக்கு வழங்கப்பட்டது. ஓட்டுநர் தமக்கெனத் தனி அனுமதி வைத்திருக்க வேண்டும். அதற்கு வரம்பு இல்லை. ஒருவர் ஒரே வண்டி வைத்துத் தாமே ஓட்டும் தனி உடைமை என்றும், பல வண்டிகள் வைத்திருக்கும் கம்பெனி உடைமை என்றும் லைசென்சுகள் இரு பிரிவாயின. பெரும்பகுதி கம்பெனிப் பிரிவுக்குச் சென்றது.

மூன்றாவது: லைசென்சை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம், மற்றொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம்.

இம்மூன்றில் முதலாவதைப் பற்றியே மக்கள் பேசினர். உண்மையில் வரலாற்றை நடத்திச் சென்றவை மற்ற இரண்டும் ஆகும். எண்ணிக்கைக்கு வரம்பு இருந்து, கைமாற்றும் உரிமை இல்லையெனில், ஓட்டுவதை நிறுத்தியவரின் லைசென்சு நகரத்திற்கே திரும்பி, வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்ச் சேரும். வரம்பும் கைமாற்றும் உரிமையும் ஒருங்கே அமைந்தபோது, நகரம் 10 டாலருக்குக் கொடுத்த அனுமதி தனியார் கையில் தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஓட்டுநர்கள் படைக்குச் சென்றனர். பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. உரியவர் புதுப்பிக்காமல் விட்ட லைசென்சுகள் ரத்தாயின; அவற்றுக்கு ஈடாகப் புதியவை வழங்கப்படவில்லை. எண்ணிக்கை 11,787 ஆகச் சுருங்கிற்று. அந்த எண்ணிக்கை 1996ஆம் ஆண்டு வரை மாறவில்லை. உலகின் தலையாய வணிக நகரம் ஒன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் டாக்சி எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்டாது இருந்தது வியப்புக்குரியது.

ரப்பர்க் கூப்பனும் டாக்சித் தகடும்

காகிதம் எவ்வாறு சொத்தாகிறது என்பதை மலாயாத் தோட்டப்புறத்தார்க்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. ரப்பர் விலை வீழ்ந்தபோது 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டமும், 1934 முதல் சர்வதேச ரப்பர்க் கட்டுப்பாடும் நடைமுறையில் இருந்தன. தோட்டமும் சிறு உடைமையும் இவ்வளவு ரப்பர்தான் விற்கலாம் என அளவு நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவுக்குரிய அத்தாட்சியாகக் கூப்பன் வழங்கப்பட்டது. நாளடைவில் ரப்பருக்கு ஒரு விலை, கூப்பனுக்கு ஒரு விலை என்றாயிற்று. பால் வெட்டாமலே கூப்பனை மட்டும் விற்றுப் பணம் பெற்றவர்களும் உண்டு. மரம் கொடுத்த பாலுக்கு மேல், ‘விற்கலாம்’ என்ற அனுமதிக்கே தனியாக ஒரு மதிப்பு பிறந்தது.

நியூயார்க் தகட்டின் கதையும் இதுவே. ரப்பர்க் கட்டுப்பாட்டில் கூப்பன் குறிப்பிட்ட காலத்துக்கு உரியது. தகட்டுக்கோ முடிவு தேதி இல்லை. ஆதலின் அதன் விலை ஏறிக்கொண்டே சென்றது. 1947இல் சுமார் 2,500 டாலர். 1950இல் சுமார் 5,000. 1960 வாக்கில் 20,000ஐ நெருங்கிற்று. 1980இல் சுமார் 60,000. 2000ஆம் ஆண்டில் 2 இலட்சத்தைத் தாண்டிற்று.

இவ்விலை எதன் விலை? காரின் விலை அன்று. கார் தனியே வாங்கப்பட வேண்டும். ஓட்டும் திறமையின் விலையும் அன்று. தெருவில் கையைத் தூட்டி அழைக்கும் பயணியை ஏற்றிக்கொள்ளும் உரிமை மற்றவர்களுக்கு இல்லை என்பதன் விலை. போட்டி இல்லாததால் வருங்காலத்தில் கிடைக்கக்கூடிய ஊதியம் முழுவதையும் கணக்கிட்டு, அதனை இன்றே விற்பவர் பெற்றுக்கொள்கிறார். வாங்குபவரோ கடன் வாங்கிக் கொடுக்கிறார். எனவே 1937இல் லைசென்சு வைத்திருந்தவர் தம் தகட்டை விற்று நல்ல பணத்துடன் ஓய்வு பெற்றார். அவரிடம் வாங்கியவர் தம் வாழ்நாளெல்லாம் தவணை கட்டி, பின் கூடுதல் விலைக்கு விற்றால்தான் அவருக்கும் ஓய்வு. இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையும் தன் சுமையை அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றிச் சென்றது.

உழைப்பவர் நிலை

தகடு வாங்க வசதி இல்லாத ஓட்டுநர்களின் நிலை யாது? 1979 வரை பெரும்பாலான கம்பெனி டாக்சிகளில் பங்கு முறை இருந்தது. மீட்டரில் விழுந்த தொகையில் ஒரு பகுதி ஓட்டுநருக்கு, எஞ்சியது கம்பெனிக்கு. சவாரி குறைந்த நாளில் நட்டம் இருவருக்கும் பொதுவாயிற்று. 1960களில் டாக்சித் தொழிலாளர் சங்கமும் உருவாகி, விடுப்பு, ஓய்வூதியம் போன்ற சலுகைகளை ஓரளவு பெற்றுத் தந்தது.

1979இல் குத்தகை முறைக்கு அனுமதி கிடைத்தது. ஓட்டுநர் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு ஒரு குறிப்பிட்ட தொகையை வண்டி வாடகையாக முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். பெட்ரோல் செலவும் அவருடையதே. மிஞ்சினால் அவர் கூலி. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இவ்வாடகை வேளைக்கு 100 டாலர் அளவில் இருந்தது. மழையோ, நெரிசலோ, நோயோ, சவாரி இல்லையோ, கம்பெனிக்கு வர வேண்டியது வந்துவிடும். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்னும் பழமொழி நியூயார்க் தெருவுக்கும் பொருந்திற்று. ஓட்டுநர் தொழிலாளி என்ற நிலையிலிருந்து தனித் தொழில் செய்பவர் என்ற நிலைக்குப் பெயரளவில் உயர்ந்தார். ஆனால் தொழிலாளிக்குரிய பாதுகாப்பை இழந்தார். எண்ணிக்கை வரம்பு ஓட்டுநரின் கூலியைக் காக்கவே கொண்டுவரப்பட்டது என்பதை இங்கு நினைவு கூர்தல் வேண்டும்.

டாக்சி வராத தெருக்கள்

பயணிகளின் நிலையையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது வண்டிகள் பணம் புழங்கும் இடத்தையே நாடும். மன்ஹாட்டனின் நடுப்பகுதியிலும் விமான நிலையங்களிலும் டாக்சிகள் மொய்த்தன. கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம், புரூக்ளினின் பல பகுதிகள், பிராங்ஸ் ஆகிய இடங்களில் கையைத் தூக்கி நின்றாலும் நிற்கும் டாக்சி அரிது. அத்தெருக்களில் லைசென்சு இல்லாத டாக்சிகள் ஓடலாயின. மலாயாவில் ‘கெரெத்தா சாப்பு’ என்று மக்கள் அழைத்த கள்ள டாக்சிக்கு அவை நிகரானவை. சட்டம் அவற்றைக் குற்றம் என்றது. மக்களோ அவற்றை உதவி எனக் கருதினர்.

மஞ்சள் நிறம் 1960களின் இறுதியில் கட்டாயமாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தகடு பெற்ற டாக்சி எது, பெறாதது எது என்பதை மக்கள் ஒரே பார்வையில் அறிய வேண்டும் என்பது நோக்கம். 1971இல் டாக்சிகளையும் வாடகைக் கார்களையும் மேற்பார்வையிடத் தனி ஆணையம் ஏற்பட்டது. தெருவில் கைகாட்டி ஏறுவது தகடு பெற்ற டாக்சிக்கு மட்டும். தொலைபேசியில் முன்கூட்டி அழைப்பது மற்ற வாடகைக் கார்களுக்கும் உரியது என்ற பாகுபாடு நிலைபெற்றது. அந்நாளில் இது சிறு வேறுபாடாகத் தோன்றிற்று. தொலைபேசி சட்டைப் பைக்குள் வரும் காலம் ஒன்று உண்டு என எவர் நினைத்தார்?

மஞ்சள் டாக்சி செல்லாத பகுதிகளுக்கென்று பச்சை டாக்சிகளை நகரம் 2013இல்தான் ஓடவிட்டது. அதனை எதிர்த்துத் தகட்டு உடைமையாளர்கள் நீதிமன்றம் வரை சென்றனர். அவர்களுடைய எதிர்ப்பையும் வெறும் பேராசை என ஒதுக்க முடியாது. பெருந்தொகை கடன் வாங்கி ஒரு பொருளை வாங்கியவர், அதன் விலையைக் குறைக்கும் எந்தச் சீர்திருத்தத்தையும் எதிர்க்கவே செய்வார். வரம்பு முதலில் விலையை உண்டாக்கிற்று. பின்னர் விலையே வரம்புக்குக் காவலாயிற்று.

ஏலமும் கடனும்

1996 முதல் நகரம் தானே புதிய தகடுகளை ஏலம் விடலாயிற்று. 2004க்குப் பின் ஏலங்கள் பெருகி, மொத்த எண்ணிக்கை 13,587 ஆயிற்று. 1937இல் 10 டாலருக்குக் கொடுத்ததை இப்போது பல இலட்சம் டாலருக்கு விற்கலாம் எனக் கண்ட நகராட்சி, பங்குச் சந்தையைவிட மேலான முதலீடு இது என விளம்பரமும் செய்தது. தகடு விற்பனையாலும் கைமாற்று வரியாலும் நகரம் பெற்ற வருவாய் 85 கோடி டாலருக்கு மேல் என 2019இல் நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் ஆராய்ச்சி கணக்கிட்டது. தொழிலை ஒழுங்குபடுத்த வேண்டிய அரசாங்கமே விலையேற்றத்தில் ஆதாயம் காணும் தரப்பாக மாறிற்று.

அக்காலத்தில் டாக்சி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். வங்காள தேசம், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்களுள் மிகுதி. பிறரிடம் குத்தகைக்கு எடுத்து ஓட்டிக் களைத்தவருக்குச் சொந்தத் தகடு என்பது சொந்த நிலம் போன்ற கனவு. பிள்ளைகளின் படிப்பும் முதுமைக்காலமும் அதில் அடங்கியிருந்தன. கடன் கொடுப்போரும் தாராளமாகக் கொடுத்தனர். முன்பணம் இல்லாமலும், வட்டியை மட்டும் கட்டிவரும் ஏற்பாட்டிலும் கடன்கள் வழங்கப்பட்டன. விலை ஏறும் என்ற நம்பிக்கையே பிணை. 2011 அக்டோபரில் கம்பெனிப் பிரிவுத் தகடுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 10 இலட்சம் டாலர் வீதம் விற்பனையாயின. டாக்சி ஓட்டிக் கிடைக்கும் வருமானம் அதே வேகத்தில் ஏறிற்றா என்று கேட்டவர் சிலரே.

அணை உடைந்தது

அதே 2011இல் ஊபர் கம்பெனி நியூயார்க்கில் கால் வைத்தது. கைத்தொலைபேசி வழியே வண்டி அழைப்பது சட்டத்தின் பார்வையில் ‘முன்கூட்டி அழைப்பது’ ஆயிற்று. அத்தகைய கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. தெருவோரம் நின்று கையைத் தூக்குவதற்கும், தெருவோரம் நின்று தொலைபேசியில் விரலை அழுத்துவதற்கும் பயணிக்கு வேறுபாடு இல்லை. தகட்டின் விலை முழுவதும் அந்த வேறுபாட்டின் மீதுதான் கட்டப்பட்டிருந்தது. 2015இல் மேயர் டி பிளாசியோ இக்கார்களுக்கு வரம்பு கட்ட முயன்று, எதிர்ப்பு வலுக்கவே பின்வாங்கினார். 2018இல் கைத்தொலைபேசி வழி ஓடிய கார்கள் 80,000 அளவை எட்டியிருந்தன.

தகட்டின் விலை சரிந்தது. கடனோ சரியவில்லை. 7 இலட்சம், 8 இலட்சம் டாலர் கடனுக்குத் தவணை கட்ட, நாள்தோறும் பதினான்கு மணி நேரம் ஓட்டியும் இயலாத நிலை தோன்றிற்று. தகட்டுக் கடனையே நம்பியிருந்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சில மூழ்கின. நூற்றுக்கணக்கான உடைமையாளர்கள் திவாலாயினர். 2018ஆம் ஆண்டில் கடன் தொல்லையாலும் வருமான வீழ்ச்சியாலும் மனம் உடைந்த ஓட்டுநர்கள் பலர் அடுத்தடுத்துத் தம் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி உலகையே உலுக்கிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நகர சபை கைத்தொலைபேசி வழிக் கார்களுக்கும் புதிய லைசென்சு வழங்குவதை நிறுத்திச் சட்டம் இயற்றிற்று. அதனுடன், ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் வழி செய்தது. 1937இல் இருந்த வினா 81 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே வாயிலில் வந்து நின்றது. ஆனால் இம்முறை எண்ணிக்கை வரம்புடன் ஊதிய உத்தரவாதமும் சேர்ந்தது.

பழைய கடனுக்குத் தீர்வு காணப் போராட வேண்டியிருந்தது. பைரவி தேசாய் தலைமையிலான டாக்சித் தொழிலாளர் கூட்டணி 2021 அக்டோபரில் நகர மண்டபத்தின் முன் உண்ணாவிரதம் தொடங்கிற்று. 15 நாள் நீடித்த அதில், அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, 2025இல் மேயர் தேர்தலில் வென்ற ஸோரான் மம்தானியும் கலந்துகொண்டார். நவம்பர் 3ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. பெருங்கடன் 200,000 டாலராகக் குறைக்கப்படும். அதில் 30,000ஐ நகரம் மானியமாகச் செலுத்தும். எஞ்சிய 170,000க்கு நகரமே உத்தரவாதம் நிற்கும். 2022இல் இது நடைமுறைக்கு வந்தது. பலருக்கு மூச்சு வந்தது. ஆனால் இறந்தவர் மீளவில்லை. முன்பே திவாலாகித் தகட்டை இழந்தவர்க்கு இது காலம் கடந்த மழை.

சிங்கப்பூரும் மலேசியாவும்

இவ்வினா இந்நாடுகளுக்கும் புதிதன்று. சிங்கப்பூரில் கள்ள டாக்சிகள் பெருகியிருந்த வேளையில், அவற்றை ஒழிக்க முற்பட்ட அரசாங்கம், ஓட்டியவர்களைத் தெருவில் விட்டுவிடவில்லை. 1970இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ‘கம்ஃபர்ட்’ என்னும் கூட்டுறவு அமைப்பை நிறுவியது. அதன் வாயிலாக ஓட்டுநர்கள் தவணை கட்டி வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி பிறந்தது. மஞ்சள் கூரை டாக்சி என அறியப்பட்ட தனியார் லைசென்சும் கைமாற்றி விற்கக்கூடியது அன்று. உரியவர் ஓய்வு பெற்றதும் அது அவருடன் முடிவுற்றது. எனவே நியூயார்க்கைப் போல் தகட்டு வாணிபம் அங்கு வேரூன்றவில்லை. ஆயினும் பிற்காலத்தில் கம்பெனிகளிடம் தினவாடகைக்கு வண்டி எடுப்பதே பெரும்பாலார் வழக்கமாயிற்று. 1994இல் கம்ஃபர்ட்டே பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனியாயிற்று.

மலேசியாவில் ‘பெர்மிட்’ கம்பெனியின் பெயரில் இருக்க, ஓட்டுநர் நாள்தோறும் வாடகை கட்டும் ‘பாஜாக்’ முறை நெடுங்காலம் வழங்கி வந்தது. தாமே ஓட்டுபவருக்குத் தனி பெர்மிட் வேண்டும் என்பது ஓட்டுநர்களின் நீண்டகாலக் கோரிக்கை. 2016இல் அரசாங்கம் அதற்கு இசைவு தெரிவித்தது. ஆனால் அதற்குள் கைத்தொலைபேசி வழிக் கார்கள் தெருவுக்கு வந்துவிட்டன. பெர்மிட் கைக்கு வந்தபோது அதன் மதிப்பு கரைந்திருந்தது.

வரலாறு தரும் பாடம்

இவ்வரலாற்றைக் கொண்டு, வரம்பே கூடாது என முடிவு கட்டுவது பிழை. 1930களில் வரம்பின்றித் தெருவில் அலைந்த ஓட்டுநரின் பட்டினி உண்மை. 2018இல் வரம்பின்றிப் பெருகிய கார்களுக்கிடையே தவித்தவரின் துன்பமும் உண்மை. எண்ணிக்கைக்கு எல்லை வேண்டும் என்று அன்றும் இன்றும் கேட்டவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகளே.

பிழை நேர்ந்தது வேறு இடத்தில். கட்டுப்பாட்டினால் ஒரு மதிப்பு பிறக்கிறது. அது பொதுமக்கள் தெருவிலிருந்து பிறக்கும் மதிப்பு. அதனை ஓட்டுபவருக்குக் கூலியாகத் தரலாம். நகரத்தின் கருவூலத்திற்கு ஆண்டுக் கட்டணமாகத் தரலாம். பயணிக்குக் குறைந்த கட்டணமாகவும் தரலாம். நியூயார்க் இம்மூன்றையும் செய்யாமல், அம்மதிப்பைத் தகட்டில் ஏற்றி, தகட்டைச் சந்தையில் விட்டுவிட்டது. முதலில் வைத்திருந்தவர் பெற்றார். இடையில் வந்தவர் சுமந்தார். கடைசியில் வந்தவர் வீழ்ந்தார்.

டாக்சிக்கு மட்டுமன்று, மீன்பிடி உரிமை, கடை லைசென்சு, இறக்குமதி அனுமதி என எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட எல்லா அனுமதிகளுக்கும் இப்பாடம் பொருந்தும். ‘எத்தனை வழங்குவது?’ என்று கேட்கும்போதே, ‘யாருக்கு, எத்தனை காலத்துக்கு, கைமாறலாமா?’ என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுமதி உழைப்பவரின் கையோடு இருந்து, அவர் ஓய்வு பெறும்போது ஊருக்கே திரும்புமானால், அது தொழிலுக்குப் பாதுகாப்பு. உழைப்பவரை விட்டுப் பிரிந்து தனியே விலை போகுமானால், அந்த விலையை ஒரு நாள் உழைப்பவரே கட்டித் தீர்க்க நேரும்.